பிளாட்ஃபார்மர் கேம்ல உங்களுக்குப் பிடிச்ச லெவல் தீம் எது? தண்ணி, பனி, இருட்டு மூணும் எனக்குச் சரியா வரல

பனைமட்டை:

வணக்கம். கோடோ 4 கேம் எஞ்சின்ல ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (ஓடிக் குதிச்சுத் தாண்டுற கேம்) பண்ணிட்டிருக்கேன். திரை 320×180, டைல் (லெவலைக் கட்டுற சதுரக் கட்டம்) 16 பிக்சல், கேரக்டரோட ஹிட்பாக்ஸ் (மோதலைக் கணக்கிடுற பெட்டி) 12×24. ஓட்ட வேகம் நொடிக்கு 120 பிக்சல். தரையில முடுக்கம், உராய்வு ரெண்டும் 900. கிராவிட்டி 700, குதிக்கிற வேகம் 280. அதாவது மூணரை டைல் உயரம் போகும், சமதளத்துல ஆறு டைல் தூரம் தாண்டும்.

காடு, தண்ணி, பனி, இருட்டுக் குகை, பாலைவனம்னு அஞ்சு தீம். காட்டுல யாரும் குறை சொல்லல. மத்த நாலுலயும் விளையாடிப் பார்க்கிறவங்க சொல்றது இதுதான்:

தண்ணிக்குள்ள பட்டனைத் தட்டித் தட்டி நீந்தணும். அங்க கிராவிட்டி 245, ஒவ்வொரு தட்டுக்கும் மேல்நோக்கி 110. நீந்துறது பரவாயில்ல, ஆனா கரையேற முடியல. மேல்மட்டத்துல கேரக்டர் துடிக்குது, தண்ணி தெறிக்கிற சத்தம் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு.

பனியில உராய்வை 150 ஆக்கியிருக்கேன். "கன்ட்ரோல் சரியில்ல"ன்னு விட்டுட்டுப் போயிடறாங்க.

குகையில எங்க குதிக்கிறதுன்னே தெரியல. பாலைவனமோ காட்டுக்கு மஞ்சள் அடிச்ச மாதிரி இருக்கு.

உங்களுக்கு எந்த தீம் பிடிக்கும், அதுல எது சரியா அமைஞ்சதுன்னு நினைக்கிறீங்க? நம்பரோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

டைல்_தச்சன்:

எனக்குத் தண்ணிதான். பலருக்கும் பிடிக்காத தீம் அது, ஆனா ஒழுங்கா அமைஞ்சா வேற எதுவும் கிட்ட நிக்க முடியாது.

முதல்ல உங்க கரையேறுற பிரச்சினை. தண்ணிக்குள்ள ஒரு தட்டுக்கு 110. 110-ஐ வர்க்கம் பண்ணி கிராவிட்டியோட இரட்டிப்பான 490-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 25 பிக்சல், ஒன்றரை டைல் ஏறுது. சரி. ஆனா மேல்மட்டத்தைத் தாண்டின உடனே கிராவிட்டி 700 ஆகிடுது. அதே 110 அங்க 9 பிக்சலைக்கூடத் தொடாது. கரை ஒரு டைல் உயரத்துல இருந்தாலே எத்தனை தட்டு தட்டினாலும் ஏற முடியாது. விளையாடுறவங்க மேல தப்பே இல்ல.

தீர்வு: கேரக்டர் மேல்மட்டத்தைக் கடக்கிற நேரத்துல குதிக்கிற பட்டன் அழுத்தியிருந்தா, நீந்துற வேகத்தைத் தூக்கிப் போட்டுட்டு 240-ஐ நேரடியா குடுங்க. 41 பிக்சல், ரெண்டரை டைல் வரும். பட்டன் அந்த ஃபிரேம்லயே அழுந்தியிருக்கணும்னு கேட்காதீங்க, கடைசி 0.15 நொடிக்குள்ள அழுத்தியிருந்தாலே ஏத்துக்கோங்க. பட்டன் அழுத்தாதவங்களுக்கு இந்த உந்தல் வேண்டாம். குடுத்தா மீன் மாதிரி தானா எகிறிக்கிட்டே இருப்பாங்க.

துடிக்கிறதுக்குக் காரணம் வேற. "தண்ணிக்குள்ள", "தண்ணிக்கு வெளிய" ரெண்டையும் ஒரே கோட்டை வெச்சு முடிவு பண்றீங்க. வெளிய வந்ததும் கிராவிட்டி இழுக்குது, உள்ள போனதும் மெதுவாகுது, அடுத்த ஃபிரேம்ல மறுபடி வெளிய. ரெண்டு தனி எல்லை வையுங்க: இடுப்புப் புள்ளி (பாதத்துலேர்ந்து 12 பிக்சல் மேல) மூழ்கினா உள்ள, அதே புள்ளி மட்டத்துக்கு 4 பிக்சல் மேல வந்தாத்தான் வெளிய. சத்தத்துக்கு மட்டும் தனியா 0.2 நொடி இடைவெளி போட்டுடுங்க.

இன்னொண்ணு. தண்ணிப் பகுதியை ரெண்டு மூணு ஏரியாவா ஒட்டி ஒட்டி வெச்சிருந்தா, ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்குப் போகும்போது முதல் ஏரியாவோட "வெளியேறினான்" சிக்னல் வந்து, தண்ணி நடுவுலயே கேரக்டர் தரைக் கிராவிட்டிக்கு மாறிடும். ஆமா இல்லைன்னு ஒரு மாறியில வைக்காம எண்ணிக்கையா வையுங்க. நுழைஞ்சா ஒண்ணு கூட்டு, வெளியேறினா ஒண்ணு குறை, பூஜ்யம் ஆனாத்தான் வெளிய.

இப்ப வடிவமைப்பு. 1991-ல வந்த முதல் சோனிக்ல லாபிரிந்த் ஸோன் இருக்கு. தண்ணிக்குள்ள போனா எல்லாமே மந்தமாயிடுதுன்னு திட்டு வாங்கின லெவல். ஆனா அதோட நம்பர்களைப் பார்த்தா மலைப்பா இருக்கும். வெளிய கிராவிட்டி ஃபிரேமுக்கு 0.21875, குதிக்கிற வேகம் 6.5. உள்ள கிராவிட்டி 0.0625, குதிக்கிற வேகம் 3.5. உயரத்தைக் கணக்குப் போட்டா வெளிய சுமார் 97 பிக்சல், உள்ள 98. கிட்டத்தட்ட ஒரே உயரம்! ஆகிற நேரம் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஓட்ட வேகம் 6-லேர்ந்து 3 ஆகுறதால தாண்டுற தூரமும் பெரிசா மாறல. அதனால தரையில பழகின கண்ணளவே உள்ளேயும் பொருந்துது. மாறினது நேரம் மட்டும்தான்.

நீந்துறதுக்குப் பதிலா அடியில நடக்கிற மாதிரி வைக்கணும்னா உங்க நம்பருக்கும் இதே கணக்கைப் போடலாம்: கிராவிட்டி கால் பங்கு (175), குதிக்கிற வேகம் பாதி (140), ஓட்டம் பாதி (60). உயரம் அதே 56 பிக்சல், தூரம் அதே ஆறு டைல். லெவல் டைலை ஒண்ணுகூட நகர்த்த வேண்டாம்.

மூச்சு விஷயத்துலயும் சோனிக்தான் பாடம். மொத்தம் 30 நொடி. அஞ்சு, பத்து, பதினஞ்சாவது நொடியில ஒரு மணி ஓசை. கடைசி 12 நொடிக்கு அந்தப் பதைபதைக்கிற இசையும் அஞ்சுலேர்ந்து இறங்குற எண்ணும். திரையில மூச்சுக்குன்னு ஒரு பட்டையே கிடையாது, காதுலயே கணக்கு ஓடுது. நீங்க மூச்சு வைக்கிறதா இருந்தா, ரெண்டு காற்றுக்குமிழிக்கு நடுவுல ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு ஆகிற நேரம் மொத்த மூச்சுல பாதியைத் தாண்டக் கூடாது. சுத்திப் பார்க்கவும் ஒரு தடவை தப்பு பண்ணவும் மீதிப் பாதி வேணும்.

மூணாவது சோனிக்ல (1994) ஹைட்ரோசிட்டி ஸோன் இருக்கு. வேகமா ஓடினா தண்ணி மேலயே ஓடலாம், மூழ்கினாத்தான் மெதுவாகும். தண்ணிக்குப் பயப்பட வைக்காம அதை ஒரு பாதையா மாத்தினதுதான் அங்க அழகு.

ஆறாம்_உலகம்:

பனிக்கு நான் வரேன்.

"கன்ட்ரோல் சரியில்ல"ன்னு சொல்றாங்கன்னா, வழுக்கலை எதிர்த்து அவங்க கையில எதுவுமே இல்லைன்னு அர்த்தம். 120 வேகத்துல சாதாரணத் தரையில நிக்க 8 பிக்சல் போதும். 150 உராய்வுல 48 பிக்சல், முழுசா மூணு டைல். அது இருக்கட்டும், அதை மாத்த வேண்டாம். எதிர்த்திசைப் பட்டனை அழுத்தினா என்ன ஆகுதுங்கிறதை மட்டும் பிரிச்சுடுங்க. அங்க 400 குடுங்க. அப்ப 18 பிக்சல்ல, ஒரு டைலுக்குக் கொஞ்சம் மேல போய் நிக்கும். சும்மா விட்டா மூணு டைல், எதிர்ப் பக்கம் பிடிச்சா ஒண்ணு. இந்த வித்தியாசத்தைக் கை கத்துக்கும், கத்துக்கிட்ட நிமிஷமே பனி பிடிக்க ஆரம்பிக்கும்.

முடுக்கத்தையும் சேர்த்துக் குறைக்கணும், ஆனா உராய்வு அளவுக்கு வேண்டாம். 300 வெச்சா முழு வேகத்துக்கு 0.4 நொடியும் ஒன்றரை டைலும் ஆகும். 150 வெச்சா 0.8 நொடி, அது சேத்துல நடக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்தரத்துல பனி உராய்வைக் கொண்டு போகாதீங்க. நிறைய பேர் செய்யுற தப்பு இது. கடைசியா மிதிச்ச டைலோட மதிப்பு மாறியிலயே தங்கி, குதிச்ச பிறகும் வழுக்கிக்கிட்டே இருக்கும். கால் தரையை விட்டதும் காற்றுக்குன்னு இருக்கிற மதிப்புக்குத் திரும்பணும்.

எந்த டைல் மேல நிக்கிறோம்னு கண்டுபிடிக்க டைல்செட்ல கஸ்டம் டேட்டா லேயர் ஒண்ணு போட்டு உராய்வை அதுலயே எழுதிடுங்க. மோதலோட ஆர்ஐடியை (கோடோ உள்ளுக்குள்ள குடுக்கிற அடையாள எண்) வெச்சு டைலைத் தேடாதீங்க. கோடோ 4.5-லேர்ந்து மோதல் வடிவங்களைக் கட்டம் கட்டமா சேர்த்துடறதால தனி டைல் கிடைக்காது. பாதத்துக்கு 2 பிக்சல் கீழ இடது முனையில ஒண்ணு, வலது முனையில ஒண்ணுன்னு ரெண்டு புள்ளியை எடுத்து, அது எந்தக் கட்டத்துல விழுதுன்னு பாருங்க. ரெண்டுல எது அதிக உராய்வோ அதை எடுங்க. பாதிக் கால் பனியிலயும் பாதிக் கால் மண்ணுலயும் இருந்தா ஆட்டக்காரர் பக்கம்தான் தீர்ப்பு போகணும்.

விளிம்பைத் தாண்டின பிறகும் குதிக்க விடுற சலுகை நேரம் எவ்வளவு வெச்சிருக்கீங்க? செலஸ்ட்ங்கிற பிளாட்ஃபார்மர்ல 0.1 நொடி. பனி டைலுக்கு மட்டும் 0.15 ஆக்குங்க. 120 வேகத்துல அது 18 பிக்சல், யாருக்கும் கண்ணுல படாது.

படத்துல: பனித்தூள் மூடின தரையும் வெறும் பனிக்கட்டியும் ஒரே வெள்ளையா இருந்தா எது வழுக்கும்னு தெரியாது. தூள் மூடினது சாதாரண உராய்வு, மேல்விளிம்பு மேடும் பள்ளமுமா, மங்கின வெள்ளை. கட்டி வழுக்கும், மேல்விளிம்பு நேர்கோடு, நீலம், குறுக்கே ஒரு பிக்சல் தடிமன்ல சாய்ஞ்ச பளபளப்பு. காலடிச் சத்தமும் வேற வேணும். முதல் பனிக்கட்டித் திட்டு ஆறு டைலுக்குக் குறையாம, கீழ பள்ளமே இல்லாம இருக்கட்டும். நாலு டைல் திட்டெல்லாம் மூணாவது நாலாவது திரைக்கு அப்புறம்.

சூப்பர் மாரியோ 64-ல (1996) கூல் கூல் மவுன்டன் ஏன் எல்லாருக்கும் நினைவுல நிக்குது? அங்க வழுக்கலே ஒரு சவாரி, பென்குவினோட சறுக்குப் பந்தயம். உங்க பனி லெவல்லயும் ஒரு நீளமான சரிவு வையுங்க, இருபது டைலாவது. அதுல யாரும் சாகவே வேண்டாம்.

பனைமட்டை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எதிர்த்திசை பிரேக்கைப் பிரிக்கணும்னு தோணவே இல்ல.

தண்ணியில ஒரு துணைக் கேள்வி. ஒரு பெரிய அறையில தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கிப் புதிர் வைக்க ஆசை. வைக்கலாமா, இல்ல தொந்தரவா முடியுமா?

டைல்_தச்சன்:

வைக்கலாம். அதுல பேர் போனது ஆக்கரினா ஆஃப் டைம்ங்கிற ஜெல்டா கேமோட வாட்டர் டெம்பிள் (1998). மூணு மட்டம், மாத்துறதுக்கு மூணு இடம். யோசனை அருமையானது. ஜனங்களைக் களைப்பாக்கினது ரெண்டு விஷயம்: இரும்புச் செருப்பை ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுல போய் மாட்டணும், கழட்டணும். அப்புறம், மட்டம் மாத்துற இடம் எங்க இருக்குன்னு ஞாபகம் வெச்சுத் திரும்பி நடக்கணும். 2011-ல 3டிஎஸ் கையடக்கக் கன்சோலுக்கு மறுபடி செஞ்சப்ப செருப்பைப் பட்டனுக்குக் கொண்டு வந்தாங்க, மட்டம் மாத்துற இடங்களுக்கு வழிகாட்டச் சுவத்துல நிறக்கோடு போட்டாங்க. புதிர் அப்படியே இருந்தது, அலைச்சல்தான் குறைஞ்சது.

உங்களுக்கு ரெண்டு மட்டம் போதும். மட்டத்தை மாத்துற திருகு இருக்கிற இடத்துலேர்ந்தே மாறப்போற கதவோ திட்டோ தெரியணும். சுவத்துல ரெண்டு மட்டத்துக்கும் கறைக்கோடு வரைஞ்சிடுங்க, பாசி படிஞ்ச மாதிரி. தண்ணி வந்து எங்க நிக்கும்னு பார்த்த உடனே புரியும்.

கோடோவுல ஒரு கண்ணி இருக்கு. செவ்வக வடிவத்தோட உயரத்தைக் கூட்டினா அது நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் வளரும். 64 பிக்சல் ஏத்தினா மேல 32, கீழ 32. அதனால இடத்தையும் 32 பிக்சல் மேல நகர்த்தணும். அந்த வடிவம் ரிசோர்ஸ்ங்கிறதால, ஒரே தண்ணி சீனை ரெண்டு இடத்துல போட்டிருந்தா ஒண்ணை மாத்தும்போது இன்னொண்ணும் மாறும். "லோக்கல் டு சீன்" டிக் பண்ணிடுங்க.

கீறல்:

இருட்டு பற்றி எழுதுகிறேன், எனக்குப் பிடித்த தீம் அதுதான்.

உங்கள் கேரக்டர் ஒரு தாவலில் 96 பிக்சல் போகிறது. எதிரே இருப்பதைப் பார்த்து முடிவெடுக்க அரை நொடி வேண்டுமென்றால் இன்னொரு 60. ஆக, குதித்து இறங்கும் இடம் முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் விளக்கின் ஆரம் 156 பிக்சல் இருக்க வேண்டும். உங்கள் திரையின் பாதி அகலமே 160 தான். அவ்வளவு வெளிச்சம் கொடுத்தால் இருட்டு எங்கே மிஞ்சும்?

எனவே விளக்கைப் பெரிதாக்காதீர்கள். கேரக்டரைச் சுற்றி 70 பிக்சல் போதும், நடக்க அது சரியாக இருக்கும். இறங்கும் இடங்களுக்குச் சொந்த வெளிச்சம் கொடுங்கள்: மின்னும் காளான், விரிசலில் கசியும் ஒளி, சொட்டும் நீரில் ஒரு பளபளப்பு. தாண்டிப் போகக்கூடிய ஒவ்வொரு திட்டின் விளிம்பிலும் 12 முதல் 16 பிக்சல் ஆரத்தில் ஒன்று. ஆபத்தான இடத்தில் அந்த ஒளியை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரே ஒரு முறை காளானை முள்ளின் மேல் வைத்து ஏமாற்றினாலும் அதன் பிறகு எந்த வெளிச்சத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேன்வாஸ் மாடுலேட்டை (காட்சி முழுவதற்கும் சாயம் கொடுக்கும் கோடோ நோடு) முழுக் கறுப்பில் விடாமல் 12 முதல் 15 சதவீத வெளிச்சமுள்ள கருநீலத்தில் வையுங்கள். திட்டின் நிழலுருவம் மங்கலாகத் தெரிய வேண்டும். விளக்குக்குப் போடும் படத்தில் மென்மையான சாயல் வேண்டாம், பிக்சல் கலைக்கு அது ஒட்டாது, இருட்டில் பட்டை பட்டையாகவும் தெரியும். மூன்று நான்கு வளையங்களாக வரைந்து, ஃபில்டரை நியரஸ்ட்டில் விடுங்கள்.

ஹாலோ நைட்டில் (2017) எல்லாப் பகுதியும் இருட்டல்ல. லூமாஃபிளை விளக்கு இல்லாமல் ஒன்றுமே தெரியாத அறைகள் சில மட்டுமே. அதனால்தான் அந்த இருட்டுக்கு மதிப்பு. அதே விளையாட்டின் சிட்டி ஆஃப் டியர்ஸ் இன்னும் அழகான உதாரணம்: பூமிக்கடியில் ஓயாத மழை. மேலே ஏறிப் போனால் அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. தீம்களை ஒன்றோடொன்று இப்படி இணைத்தால் உலகம் ஒரே உலகமாக நிற்கும். உங்கள் பனி உருகி எந்தக் குகைக்குள் சொட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா தீமுக்கும் ஒரு சோதனை: ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிறத்தை முழுக்க நீக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் நிற்கும் தரை, பின்னணி, ஆபத்து மூன்றும் பிரிந்து தெரியவில்லை என்றால் நிறத்தை நம்பி நிற்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் காட்டு முள் இலையாகத்தான் தெரியும். ஆபத்துக்குக் கூர்முனை, பாதுகாப்புக்குத் தட்டை அல்லது வளைவு என்று வடிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாம்_உலகம்:

பாலைவனத்தை யாரும் தொடல, நானே சொல்லிடறேன்.

மஞ்சள் அடிச்சது தப்பில்ல. 1985 சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேற. உங்க பாலைவனத்துல குறை என்னன்னா, காட்டுல செய்யுறதையே அங்கேயும் செய்யுறோம். மூணாவது மாரியோவுல (1988) பாலைவன உலகத்துல புதைமணல் இருக்கு, மேலேர்ந்து பாய்ஞ்சு வர்ற சூரியனே இருக்கு. வெயில்னு சும்மா படமா வரையாம அதை எதிரியாவே ஆக்கிட்டாங்க.

உங்களுக்கு ரெண்டே ரெண்டு போதும்.

ஒண்ணு, காற்று. நொடிக்கு 40 பிக்சல் தள்ளினா எதிர்க்காற்றுல தாவல் 64 பிக்சல், நாலு டைல். பின்காற்றுல 128, எட்டு டைல். அப்ப ஆறு டைல் பள்ளம் காற்று எதிர்த்தா தாண்ட முடியாது, நின்னா மயிரிழையில தாண்டலாம், பின்னாலேர்ந்து அடிச்சா சுலபம். ஒரே பள்ளம் நேரத்துக்குத் தக்கபடி மூணு பள்ளமாகுது. காற்று திசை மாறுறதுக்கு முக்கால் நொடி முன்னாடியே மணல்துகள் திசை மாறணும், சத்தமும் எழணும். வேகத்தை ஒரே ஃபிரேம்ல மாத்தாம அரை நொடியில ஏத்துங்க. செலஸ்ட்ல நாலாவது அத்தியாயம் கோல்டன் ரிட்ஜ் முழுக்கக் காற்றுதான், அதைப் பார்த்துட்டு வந்து நம்பரைப் பிடிங்க.

ரெண்டாவது, புதைமணல். நொடிக்கு 20 பிக்சல் இறங்கினா உங்க 24 பிக்சல் கேரக்டர் 1.2 நொடியில மூழ்கிடும். குதிக்கிற வேகத்தை 60 சதவீதம், அதாவது 168 ஆக்குங்க. 20 பிக்சல் எழும்பும். விடாம குதிச்சா தப்பிக்கலாம், அசந்தா போச்சு. தலை மறையுற வரைக்கும் குதிக்க விடுங்க, இடுப்பு வரைக்கும் போனதும் பட்டனைப் பூட்டிடாதீங்க.

கீறல்:

சத்தத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீருக்குள் போனதும் இசைக்கான ஆடியோ பஸ்ஸில் லோ-பாஸ் ஃபில்டரை (உயர்ந்த ஒலிகளை வெட்டுவது) 800 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் காதை மூடியது போல இருக்கும், புதிய இசை எதுவும் தேவையில்லை. 0.3 நொடியில் படிப்படியாக இறக்குங்கள். ஃபில்டரை மட்டென்று போட்டு எடுத்தால் டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

கேரக்டர் தண்ணீருக்குள்ளேயே இறந்து சீன் மறுபடி ஏறும்போது "வெளியேறினான்" சிக்னலை நம்பி இருக்காதீர்கள். ஆடியோ பஸ் சீனுக்குச் சொந்தமானதல்ல, போட்ட ஃபில்டர் அப்படியே நிற்கும், அடுத்து வரும் காட்டு லெவலிலும் இசை மூழ்கியே கேட்கும். உயிர்ப்பிக்கும் ஃபங்ஷனிலேயே ஃபில்டரைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டு, டைல்_தச்சன் சொன்ன அந்தத் தண்ணீர் எண்ணிக்கையையும் பூஜ்யமாக்கிவிடுங்கள்.